தா.பழூருக்குக் கொண்டுபோன கூடை

அப்பா கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர். பெரம்பலூர் பக்கத்துக் குவாரிகளிலேயே அவருடைய வயதில் பாதி போயிற்று. நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம், தொண்ணூறுகளின் பிற்பாதியில், அவருக்குக் காசநோய் என்று அரசு மருத்துவமனையில் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துச் சளியைச் சோதித்த டாக்டர், இனி அது யாருக்கும் தொற்றாது, மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: காசநோய் மருந்துக்கு அடங்கும், நெஞ்சுக்குள் படிந்திருக்கும் கல் தூசிக்கு மருந்து கிடையாது.

முதல் செய்தியை அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை. முதலாவதையும் யாரும் நம்பவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

லீவு நாட்களில் நான் ஒயர் கூடை பின்னுவேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, நான் பாதியில் வைத்துவிட்டுப்போன கூடையை அப்பா மடியில் வைத்துக்கொண்டு ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எப்புடிப் போடுறது, காட்டு பாப்பா."

சம்மட்டி பிடித்துத் தடித்த விரல்கள். ஒயர் அவற்றில் நிற்காமல் வழுக்கியது. இரண்டு வரிசை போட்டுவிட்டு மூச்சு வாங்குவார், சுவரில் சாய்ந்துகொள்வார், மறுபடி எடுப்பார். பத்து நாளில் என்னைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டார். கார்த்திகை மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் அம்மாவிடம் சொன்னார்:

"வருசா வருசம் கிறிஸ்மசுக்கு அக்காவுக்குச் சேலை எடுப்போம். இந்த வருசம் கூடை குடுப்போம். என் கையால பின்னுனதுன்னா அவளுக்குச் சந்தோசமாதான் இருக்கும்."

தா.பழூரில் இருந்த அத்தைதான் அவரைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்குப் பச்சையும் மஞ்சளும் பிடிக்கும் என்று அந்த நிறத்திலேயே ஒயர் வாங்கிவரச் சொன்னார். அடுத்ததாக, குவாரியில் அவரோடு வேலை செய்த பூலாம்பாடிக்காரருக்குச் சோற்று டப்பா வைக்கிற அளவில் ஒன்று. மீந்த துண்டு ஒயர்களையெல்லாம் சேர்த்து, அம்மா வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அவளுக்கும் ஒன்று பின்னினார்.

கிறிஸ்மசுக்கு முந்தின வாரம் அத்தையின் கூடையை நான் கொண்டுபோனேன். கிளம்புமுன் அம்மா அதை டெட்டால் தண்ணீரில் முக்கிக் கழுவினாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "மழத்தூசி ஒட்டியிருக்கு" என்றாள் அம்மா. மழையில் ஏது தூசி என்று அவர் கேட்கவில்லை.

அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி தா.பழூர் போய்ச் சேர்ந்தபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். கூடையை நீட்டினேன். அவள் கை மேலே வரவில்லை.

"அந்த மாட்டுக் கொட்டாய் ஓரமா வச்சுடு கண்ணு. பச்சப்புள்ள இருக்கு வூட்டுல."

"இனிமே தொத்தாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அத்தை."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு."

பிறகு அழுதாள். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, ரத்தம் வருகிறதா என்று கேட்டுக் கேட்டு அழுதாள். எனக்குச் சோறு போட்டாள். பொய்யாக அழவில்லை, அது எனக்கு அப்போதே தெரிந்தது. பண்டிகைக்கு வருகிறேன் என்றும் சொன்னாள்.

பஸ்ஸுக்கு நடந்தவள், குடையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்து திரும்பினேன். அத்தை ஒரு குச்சியில் கூடையின் கைப்பிடியை மாட்டி, உடம்பில் படாமல் தூரமாகப் பிடித்தபடி கொல்லைப் பக்கம் போனாள். அங்கே இருந்த குப்பைக் குழியில் அதைச் சரித்தாள். குச்சியையும் போட்டாள். என்னை அவள் பார்க்கவில்லை. அவள் உள்ளே போகும்வரை வேலிக்குப் பின்னால் நின்றுவிட்டு, குழியில் இறங்கிக் கூடையை எடுத்துக்கொண்டேன். குடையை மறந்தே போனேன்.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அப்பா பார்த்துவிடுவார். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு குழாயில் சாணியைக் கழுவிவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்த பெண் கூடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாரு பின்னுனது? ஒரு முடிச்சுகூட நெகிழல பாரு."

"எங்கப்பா."

"ஆம்பளயா பின்னுனாரு?"

"ஒங்களுக்கு வேணுமா? எடுத்துக்குங்க" என்றேன். நான் விளையாடுகிறேனோ என்று சந்தேகமாகப் பார்த்தாள். அதற்குள் பெரம்பலூர் பக்கம் போகிற பஸ் வந்துவிட்டது. கூடையை அவள் மடியில் வைத்துவிட்டு ஏறிவிட்டேன்.

அப்பா விழித்துக் காத்திருந்தார். "என்ன சொன்னா?"

"ஒரு முடிச்சுகூட நெகிழலன்னாங்க. ஆம்பளயா பின்னுனதுன்னு ஆச்சரியப்பட்டாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரமானது. அடங்கியதும் மறுபடி சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன்.

கிறிஸ்மஸ் அன்று பூசைக்கு அவரால் நடக்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பஸ்ஸும் நின்று கிளம்பும்போது கழுத்தை நீட்டுவார். மத்தியானம் பூலாம்பாடிக்காரர் மட்டும் வந்தார். அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதே சட்டியிலிருந்து கறி போட்டுச் சாப்பிட்டார்.

"எல்லாரும் பயப்படுறாங்க. ஒனக்குப் பயமில்லையாப்பா?" என்று அப்பா கேட்டார்.

"எனக்கு என்னத்துக்குப் பயம்? எனக்கும் ரெண்டு மாசமா இந்த இருமல்தான்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

சாயங்காலமும் அத்தை வரவில்லை. "மழையில பஸ் ஓடியிருக்காது" என்றார் அப்பா. பஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அடுத்த வாரமே அத்தை வீட்டுப் பச்சைக் குழந்தைக்குச் சின்னதாக ஒரு கூடை பின்ன ஆரம்பித்தார். நான் சொன்ன பொய்தான் அதற்குக் காரணம். மூச்சு முட்ட முட்டப் பின்னினார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதிக்கு மேல் அவரால் முடியவில்லை.

பங்குனியில் அப்பா இறந்தார். அத்தை வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே நின்று கதறினாள். அம்மா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு முடிச்சுகூட நெகிழலன்னு சொன்னீங்களாமே அண்ணி. சாவுற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்தேன். பிறகு, "ஆமா, நல்லாதான் பின்னியிருந்தான்" என்றாள். வாயிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். உயிரோடு இருந்தபோது அவள் வந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பெட்டியைத் தூக்க ஆள் குறைவாக இருந்தது. பூலாம்பாடிக்காரர் முன்னால் வந்து தோள் கொடுத்தார். முனை திரும்புவதற்குள் மூச்சு நின்றுவிடும்போல ஆகி, வேறொருவரிடம் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் குந்திவிட்டார். கல்லறைக்குப் போனவர்கள் போய்விட்டார்கள். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்க முடியாமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.