சாம்பிராணிக் கரண்டி

இதை இன்றுவரை என் மனைவியிடம் நான் சொன்னதில்லை.

குத்தாலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். அன்று அங்கே அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பறந்து வரும் நெல் சுணை ஈரப் பெயிண்டில் ஒட்டினால் ஒரு மாத உழைப்பு பாழ் என்று என் அறையின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டேன்.

கையில் இருந்தது உள்ளங்கையளவு மாடல் விமானம். இறக்கையில் ஒட்டிய சின்னங்கள் உரிந்துவிடாமல் இருக்க, தின்னர் கலந்த வார்னிஷை ஸ்பிரே அடிப்பது கடைசி வேலை. தின்னர் பெட்ரோல் போலத் தீப்பிடிக்கும் சரக்கு. நெடி எனக்குப் பழகிவிட்டது. முழங்கை பட்டுத் தின்னர் பாட்டில் சாய்ந்து தரையில் ஓடியபோதும், துணியை எடுத்துத் துடைத்தால் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன்.

கதவு திறந்தது. என் மனைவி நின்றாள். இடுப்பில், தலைக்குக் குளிப்பாட்டிய எங்கள் ஆறு மாதக் குழந்தை, கையில் சாம்பிராணிக் கரண்டி. கங்கு சிவந்து கிடந்தது. தின்னர் அவள் காலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

 "வெளிய போ! போ!" என்று அலறினேன். குழந்தை வீறிட்டது.

அவள் பதறிப் பின்வாங்கினாள். "ஏங்க இப்படிக் கத்துறீங்க? புகை பட்டா பெயிண்ட் கெட்டுப்போயிடுமா?"

நான் துணியை எடுத்துத் தின்னர் மேல் போட்டேன்.

"ஆமா" என்றேன்.

இப்போது மொட்டை மாடியில்தான் பெயிண்ட் அடிக்கிறேன். சுணை ஒட்டினால் ஒட்டட்டும். அவளோ வெள்ளிக்கிழமைதோறும் விமானங்கள் இருக்கும் அந்த அறையைத் தாண்டும்போது, உள்ளே புகை போகாமல் கரண்டியைக் கையால் மறைத்துக்கொண்டு போகிறாள்.