பாதிப் படிப்பில் வந்த லைசென்ஸ்

நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதுவரை படித்ததை வைத்தே பிராக்டிகல் நர்ஸ் தேர்வை எழுதலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள். முழு நர்ஸுக்கு ஒரு படி கீழே. எழுதினேன். லைசென்ஸ் வந்த அன்று, வளைகுடா நாட்டில், அல் குசைஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அம்மாவிடம் போனை நீட்டினேன்.

"அப்ப இனிமே நீயே ஊசி போடலாமா?"

"போடலாம்மா. ஆனா பெரிய சிஸ்டர் ஒருத்தங்க கூட இருக்கணும்."

"அதுவும் நல்லதுதான்" என்றாள்.

காலையில் வகுப்பு, மாலையில் ஒரு சின்ன கிளினிக்கில் டூட்டி. மாணவியாக எத்தனையோ பேரைத் தொட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அவர்கள் என்னைத் தாண்டி, பின்னால் நிற்கும் ஆசிரியையைத்தான் பார்ப்பார்கள். இங்கே நான் அருகில் போனதுமே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எப்படி இவ்வளவு எளிதாக உடம்பை ஒப்படைக்கிறார்கள் என்று முதல் வாரம் முழுக்கத் திகைப்பாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒருவர் வந்தார். ராமநாதபுரம் பக்கம், ஐம்பது வயதிருக்கும். கட்டட வேலை நடக்கும் சைட்டிலிருந்து நேராக வந்திருந்தார்.

"கிறுகிறுன்னு வருது தாயி. வெயில்தான். ஒரு குளுக்கோஸ் ஏத்துனா சரியாப் போயிரும்."

மெஷின் நாடித் துடிப்பு முப்பத்திநான்கு என்று காட்டியது. பழுதாகியிருக்கும் என்று நினைத்து, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு துடிப்பு. பிறகு நீண்ட மௌனம். அடுத்தது வராதோ என்று நான் பயந்த கணத்தில் வந்தது. அவரோ எனக்கு எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இத்தனை மெதுவாக அடிக்கும் இதயம், ஒரு மனிதரை நடக்க வைத்து, பேச வைத்து, என் முன்னால் கொண்டுவந்து உட்காரவும் வைத்திருந்தது.

சீனியர் நர்ஸ் மலையாளி. அவரிடம் ஓடினேன். "சேச்சி, பல்ஸ் முப்பத்திநாலு."

"மெஷினா?"

"கையால எண்ணினேன். முழு நிமிஷம்."

மறுபடி ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்துவிட்டார். என் இரண்டு விரல்களை நம்பி டாக்டரும் எழுந்தார். ஈசிஜி எடுத்தார்கள். துடிக்கச் சொல்லி இதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழே போகவேண்டிய தகவல் போகவேயில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள்.

"குளுக்கோஸ் இல்லையா தாயி?"

"இல்லண்ணே. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம். வண்டி வர்ற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

அவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். "நீ படிக்கிற புள்ளையா, நர்ஸா?"

"ரெண்டும்தான் அண்ணே."

மறுநாள் காலை கல்லூரி பஸ்ஸில் எல்லோருடைய கழுத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். தூங்குகிறவர்கள், போன் பார்க்கிறவர்கள், ஒவ்வொருவரின் தோலுக்கடியிலும் நாடி தானாக அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த ராமநாதபுரத்துக்காரர் மறுபடி கிளினிக்குக்கு வந்தார். மேல் பட்டனைக் கழற்றி, காறை எலும்புக்குக் கீழே லேசாகப் புடைத்திருந்த இடத்தைக் காட்டினார்.

"பேஸ்மேக்கராம். தீப்பெட்டி அளவுகூட இல்ல தாயி. அதுதான் என்னைய ஓட்டுதாம்!"

அவர் முகத்தில் இருந்த வியப்பில் ஒரு துளியும் குறையாமல் நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போவதாகச் சொன்னார்.