மீமிசலில் இல்லாத பறவை

நீங்கள் சொன்னது பொய். மீமிசல் கடற்கரையில் அப்படிக் கத்தும் பறவை கிடையாது. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் என்றால், எங்கள் மாவட்டத்தில் கிளம்பி, தலை நரைத்த பிறகும் பாடிக்கொண்டிருக்கும் ராக் குழுவின் பாடகர். நான் திருமயத்தில் மைக் செட் வைத்திருக்கிறவன்.

போன மாதம் ஒரு மத்தியானம் என் மனைவி செல்போனைக் காதருகே கொண்டுவந்தாள். "இந்தாங்க, ஒங்க பழைய ஆளுங்க. கரண்டு இல்லாமப் பாடுறாங்களாம்."

எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் இல்லை. மரக் கிட்டார், வயலின், கஞ்சிரா. ஓர் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்கள் பழைய பாட்டுகளையே மறுபடி பாடியிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருடமாகச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த வார்த்தைகள் எனக்கு இப்போதுதான் புரிந்தன.

மூன்றாவது பாட்டு தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வயலின் வாசிக்கும் பெண் வில்லை ஒரே கம்பியில் வைத்து இழுத்தார். மெலிதாகக் கிளம்பிய சத்தம் ஏறி ஏறிக் காதைக் குத்திச் சட்டென்று நின்றது.

"அது என்னோட ஊளைடீ" என்றேன்.

"நீங்க எப்பங்க வயலின் வாசிச்சீங்க?" என்றாள்.

வயலின் இல்லை, மைக் ஊளை. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி விழா. உங்கள் குழுவை அப்போது யாருக்கும் தெரியாது. மேடை சோபாவில் இருந்த சிறப்பு விருந்தினர், "எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார். ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் கூட்டத்தைப் பார்த்து நின்றால் மேடைக்கு எப்படிக் கேட்கும்? ஒன்றை அவர் பக்கம் திருப்பு என்றார்கள் விழா நடத்தியவர்கள். மைக்கைப் பார்த்துப் பாக்ஸைத் திருப்பக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். தெரிந்தே திருப்பினேன். சொன்னது அவர்கள், திருப்பியது என் கை. பாக்ஸில் வந்த சத்தம் மைக்குக்குள் போய்த் திரும்பவும் பாக்ஸுக்கு வந்து ஊளையாகக் கிளம்பியது.

நான் ஓடிப்போய்க் குறைத்தேன். அது அடங்கிய இடத்தில் நீங்கள் அதே சுருதியைப் பிடித்துப் பாட்டைத் தொடங்கினீர்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாட்டு முடிந்ததும் மைக்கில் சொன்னீர்கள்: "மைக் செட்டுக்காரரே, ஒங்களுக்கு அறிவிருக்கா? ஊளை விடவா ஒங்களக் கூப்பிட்டோம்?"

கல்லூரியே சிரித்தது. அன்றிலிருந்து என் கடை ஊளை செட். கல்யாண வீடுகளில், "ஊளையவா சொல்லியிருக்கீங்க? அய்யர் மந்திரம் சொல்றப்ப ஊளை விடப் போறாரு" என்பார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, ஊளை செட் வீடு எது என்று கேட்டுத்தான் தெருவுக்குள் வந்தார்கள்.

அந்த விழாவில் பதிந்ததுதான் உங்கள் முதல் கேசட். ஊளையோடுதான் வந்தது. பிறகு ஒவ்வொரு மேடையிலும் அதைக் கிட்டாரில் வாசித்தீர்கள். கூட்டம் அதற்குப் பழகிவிட்டது, நீங்கள்தான் என்ன செய்வீர்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் இப்போது ஏன்? பாக்ஸே இல்லாத அறையில் மைக் ஊளையிட வழியில்லை. வேண்டாம் என்றால் சுலபமாக விட்டிருக்கலாம். மெனக்கெட்டு வயலினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

பழைய கேசட்டையும் செல்போனையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். புதியதில் ஊளை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உங்கள் குரலும் அதே அளவு இறங்கியிருக்கிறது. வயசாகிவிட்டது, தப்பில்லை. ஆனால் ஊளையையும் கூடவே இறக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்களே. அது இல்லாமல் அந்தப் பாட்டைத் தொடங்க உங்களுக்கு வரவில்லையா?

செல்போனில் அந்தப் பாட்டு முடிந்து நீங்கள் பேசுகிறீர்கள். மீமிசல் கடற்கரையில் ஒரு பறவை கத்தியதாம், அதில் பிறந்ததாம் அந்தத் தொடக்கம்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அப்படியும் இருக்குமோ? மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து மீமிசல் போனேன். மீன் இறங்கும் இடத்தில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் செல்போனில் வயலினைப் போட்டுக் காட்டினேன். "இப்படிக் கத்துற பறவை இங்கிட்டு உண்டாங்க?"

அவர் இரண்டு தடவை கேட்டார். "பறவையா? ஐஸ் ஒடைக்கிற மிசினு பெல்ட்டு தேஞ்சா இப்படித்தாங்க கத்தும். நீங்க மெக்கானிக்கா?"

"மைக் செட்டுங்க."

"அப்ப ஒங்களுக்குத் தெரியாதா இது என்னா சத்தம்னு?" என்று கேட்டுவிட்டு மீனைப் பார்க்கப் போய்விட்டார்.

உச்சிவெயில் வரை உட்கார்ந்திருந்தேன். காக்கா, கொக்கு, பருந்து, வெள்ளையாகச் சில கடல் பறவைகள். எல்லாம் கத்தின. எதுவும் ஊளையிடவில்லை.

திட்டியது மைக்கில். பதிலும் மைக்கில்தான் வரவேண்டும். அடுத்த கச்சேரியில், அந்த வயலின் தொடங்குவதற்கு முன்னால், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். பறவை என்றால் அதன் பெயரைச் சொல்லுங்கள். மைக் செட்டுக்காரன் என்றால் அதைச் சொல்லுங்கள்.