ஜமீலுன்னிசாவும் பித்தளை மூடியும்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஜமீலுன்னிசாவைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் குரலைக் கேட்டவர்கள்தான் குறைவு. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோக, பன்னிரண்டு வயதிலிருந்தே கையால் சுற்றும் தையல் மிஷினில் புர்கா தைத்தாள். சுற்றிச் சுற்றி வலக்கையில் ஒரு நிதானம் ஊறியிருந்தது. அந்த நிதானமே பிற்பாடு அவளைப் படம் காட்டும் வேலைக்கு இழுத்துப் போயிற்று.

கணவன் குலாம் முகம்மதுவுக்கு ஒரு சுகாதாரச் சங்கத்தில் வேலை. படம் காட்டும் மிஷினை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், கொசு, காலரா, பெரியம்மை என்று ஊமைப் படங்கள் போடுவான். ஆனால் அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷா பெண்கள் கூடும் இடத்தில் ஆண்பிள்ளை எப்படி நிற்பது? ஃபிலிமை மாட்டி, விளக்கைச் சரிபார்த்துவிட்டு அவன் வெளியே போய்விடுவான். உள்ளே கைப்பிடியைச் சுற்றுவது ஜமீலுன்னிசா.

"தையல் மிஷின் மாதிரிதான் ஜமீலு, ஒரே சீராச் சுத்து. நடுவுல நிறுத்திடாதே, விளக்குச் சூட்டுல ஃபிலிம் கருகிடும். பின்னால சுத்தினா ஃபிலிம் பழையபடி மேல் சக்கரத்துக்கு வந்துடும். அப்போ மட்டும் வெளிச்சம் வர்ற கண்ணாடி மேல இந்தப் பித்தளை மூடியைப் போட்டுடு."

"போடாட்டி இன்னா ஆவும்?"

"மானம் போவும்," என்று சிரித்தான் அவன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம். ஒரு பெண்கள் பள்ளியின் பெரிய வகுப்பறையில், சுவரில் திரை கட்டி, ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, பிற்பகலை இருட்டாக்கியிருந்தார்கள். நாற்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மிஷினை ஒட்டி உட்கார்ந்தவள் ஹாஜிரா பீ. கோஷா வீடுகளுக்குக் கூடையோடு போய் வளையல் விற்பவள். போன கோடையில் அவளுடைய ஆறு வயது மகள் சகினா அம்மை கண்டு இறந்துபோனாள். அதிலிருந்து வெளியே வராதவள், அன்றுதான் வந்திருந்தாள்.

படமும் பெரியம்மைப் படமே. அம்மை குத்த வந்தவரைத் தாய் விரட்டிவிடுகிறாள். தெருவில் ஓடி விளையாடும் சிறுமிக்குக் காய்ச்சல். பாயில் கிடக்கிறாள், முகமெல்லாம் முத்து. கண் மூடுகிறது. வெள்ளைத் துணியில் சுற்றி நாலு பேர் தூக்கிப் போகிறார்கள். அத்தோடு படம் முடிந்தது.

"லேட்டா வந்தவங்க நெறைய பேர் கீறாங்க. முதல்லேர்ந்து போடும்மா," என்றாள் அஸ்மத்துன்னிசா டீச்சர்.

டீச்சர் சொன்னதும் பதற்றத்தில் ஜமீலுன்னிசா கைப்பிடியைப் பின்னால் சுற்றிவிட்டாள். மூடியைப் போடவில்லை.

தூக்கிப் போன நாலு பேரும் பின்பக்கமாகவே நடந்து வந்து வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

"ஐயே, பாருடி! முதுகுல கண்ணு வச்சிக்கினு நடக்கிறானுங்க!" என்று ஒருத்தி கத்த, அறையே சிரித்தது. ஜமீலுன்னிசாவுக்குக் காது சுட்டது. நிறுத்தினால் ஃபிலிம் கருகும். வலக்கையால் சுற்றிக்கொண்டே இடக்கையால் மூடியைத் தேடினாள். அது கை பட்டு உருண்டு எங்கேயோ போய்விட்டது. திரையில் சிறுமி கண் திறந்தாள். முகத்து முத்துகள் மறைந்தன. எழுந்து, வாய்கொள்ளாச் சிரிப்போடு தெருவுக்கு ஓடினாள்.

"சகினா," என்றாள் ஹாஜிரா பீ. அலறவில்லை. சோற்றுக்குக் கூப்பிடுகிற குரல் அது. அறையில் சிரிப்பு நின்றது.

முதலிலிருந்து படத்தை மறுபடி ஓட்டி முடித்து விளக்கைப் போட்டதும் டீச்சர் வந்தாள். "இன்னாம்மா கூத்து இது? இன்னொரு தபா இப்பிடி ஆச்சுன்னா சங்கத்துக்கு எழுதிடுவேன். உங்க வூட்டுக்காரர் வேலைக்குத்தான் கெடுதி."

டீச்சர் நகர்ந்ததும் ஹாஜிரா பீ ஜமீலுன்னிசாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஜமீலு, இன்னொரு வாட்டி பின்னால சுத்தேன். ஒரே வாட்டி."

"வாணாம் ஆபா. மிஷின் கெட்டுடும்."

மிஷின் கெடாது. அது ஜமீலுன்னிசாவுக்குத் தெரியும். கையை உதறிக்கொண்டு, மூடியைத் தேடுகிறவள் போலத் தரையில் குனிந்தாள்.

சிரிப்புச் சத்தம் வெளியே நின்ற குலாம் முகம்மதுவுக்கும் கேட்டிருந்தது. ஜட்காவில் வீடு திரும்பும்போது, "மூடியை மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டினாள். ஹாஜிரா பீ கேட்டதை அவனிடம் சொல்லவில்லை. எப்போதுமே சொல்லவில்லை.

அடுத்த மாதம் அதே பள்ளி, அதே படம். ஹாஜிரா பீ எல்லாருக்கும் முன்னால் வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்தது. டீச்சர் பக்கத்திலேயே நின்றாள். ஹாஜிரா பீ திரையைப் பார்க்கவில்லை, ஜமீலுன்னிசாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மூடியை எடுத்துக் கண்ணாடி மேல் பொருத்தியது. பிறகு பின்னால் சுற்றியது. இருட்டில் ஃபிலிம் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் ஓயும்வரை ஹாஜிரா பீ வெறும் திரையையே பார்த்திருந்துவிட்டு, புர்காவைப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் ஜமீலுன்னிசா அந்த மிஷினைச் சுற்றினாள். ஒரு தடவைகூட மூடியை மறந்ததில்லை. "உன் பெண்சாதி கை படு சுத்தம்பா," என்று சங்கத்தில் சொன்னதாகக் குலாம் முகம்மது வந்து சொல்வான். அவள் உள்ளே போய்விடுவாள்.

ஹாஜிரா பீ பழையபடி கூடையைத் தூக்கினாள். சந்து முனையில் "வளையலு, வளையலு" என்று அவள் குரல் கேட்டதும் ஜமீலுன்னிசா கதவைச் சாத்திவிட்டுத் தையல் மிஷின் முன்னால் உட்காருவாள். ஊசியில் நூல் கோத்திருக்காது, துணியும் இருக்காது. அந்தக் குரல் சந்தைக் கடந்து போகும்வரை கைப்பிடியை வேகவேகமாகச் சுற்றிக்கொண்டே இருப்பாள்.