தலையும் வாலும் பார்த்து அனுப்பிய பணம்

எங்கள் ஸ்ரீகிருஷ்ணாவைப் போல ஜாக்கிரதையான மனிதன் மயிலாப்பூரில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டு மந்தைவெளி வரை போய்விடுவான். குழாயைச் சரியாகத் திருகினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி ஓடி வருவான். சரி, மந்தைவெளி கொஞ்சம் அதிகம். தெருமுனை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் நிஜம்.

அவன் என் தங்கை பிள்ளை. ஆன்லைனில் வீணை சொல்லிக்கொடுக்கிறான். வெளிநாட்டுச் சிஷ்யர்கள் சிலர் சம்பளத்தைக் கிரிப்டோவாக அனுப்புவார்கள். மகள் ஸஹானாவின் படிப்புக்கென்று அதைக் கைபேசி வாலட்டிலேயே சேர்த்துவைத்திருந்தான். கட்டடக்கலையில் அவளுக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் பணம் கட்டியாக வேண்டும். வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, அங்கே விற்று, வங்கிக்குக் கொண்டுவர வேண்டும்.

அன்று காலையில் உட்கார்ந்தான். "முதல்ல துளியூண்டு அனுப்பிப் பாக்கறேன் ஜானு. அது போய்ச் சேர்ந்தா மீதி." சேர்ந்தது. மணி பத்தரை.

"அப்புறம் என்ன, அனுப்புங்கோன்னா!" என்றாள் மனைவி ஜானு.

"ராகுகாலம் ஆரம்பிச்சுடுத்துடி. பெரிய பணம். பன்னெண்டு ஆகட்டும்."

அந்த ஒன்றரை மணி நேரம் திருடனுக்குப் போதுமானதாக இருந்தது. கிரிப்டோ போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லும் இந்த முகவரிகள் எழுத்தும் எண்ணுமாய் நீண்டு கிடக்கும்; எது எங்கே போகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முழுதாக யார் படிக்கிறார்கள்? தலையிலும் வாலிலும் நாலு எழுத்து பார்ப்பதோடு சரி. காலையில் துளியூண்டு போன எக்ஸ்சேஞ்சு முகவரியின் அதே தலை, அதே வாலோடு ஒரு போலி முகவரியைச் செய்து, அதிலிருந்து இவன் வாலட்டுக்குப் பொடிக்காசு அனுப்பியிருக்கிறான் எவனோ. வரவு செலவுப் பட்டியலில் அது மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

பன்னிரண்டுக்கு ஸ்ரீகிருஷ்ணா எக்ஸ்சேஞ்சைத் திறந்து முகவரியை எடுக்கவில்லை. பட்டியலில் மேலே இருந்ததை எடுத்தான். தலையைப் பார்த்தான், வாலைப் பார்த்தான், மொத்தத்தையும் அனுப்பினான்.

எக்ஸ்சேஞ்சில் ஒன்றும் வரவில்லை. ஸஹானா இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சத்தமாகப் படித்தாள். ஐந்தாவது எழுத்தில் குரல் நின்றது.

"அப்பா, இது நம்மளுது இல்லை."

அந்த முகவரி தங்களுடையதல்ல, அனுப்பியதைத் திருப்ப வழியில்லை என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து பதில் வந்தது. சைபர் போலீசில் புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஜானு பணம் கேட்க நந்தனத்தில் இருக்கும் தன் அண்ணாவைப் போனில் விடாமல் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் லஸ்ஸில் இருக்கும் வங்கிக்கு ஆட்டோவில் போய் என் டெபாசிட்டை உடைத்து வந்தேன். கட்டணத்தில் பாதிக்குக்கூட அது காணவில்லை.

"தலையைப் பாத்தேனே ஜானு, வாலையும் பாத்தேனே," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான் ஸ்ரீகிருஷ்ணா.

ஐந்து மணிக்குக் கல்லூரியின் கட்டணப் பக்கம் மூடிக்கொண்டது. அவன் எழுந்து முகம் கழுவப் போனான். கல்லு மாதிரி மனசு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

இந்த இடம் வரை எழுதியதும், தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த ஸஹானா சொன்னாள்:

"தப்பு, பெரிய பாட்டி. குழாயைத் திறந்துவிட்டுண்டு அழுதார். வாளி ரொம்பி வழிஞ்சும் மூடலை. நான்தான் போய் மூடினேன்."