உமி அடுப்பும் வெள்ளிக்கிழமை ஃபோனும்

எங்கள் வீட்டின் பின்பக்கச் சார்ப்பில் ஓர் உமி அடுப்பு இருந்தது. தஞ்சாவூரிலிருந்து வல்லம் போகிற சாலையில் புதிய கல்லூரிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த ஆசிரியர்களுக்கு அம்மா மதியச் சாப்பாடு சமைத்து, கேரியர்களில் கட்டி அனுப்பினாள். பக்கத்து அரிசி ஆலையில் உமி தாராளமாகக் கிடைத்தது. ஆனால் உமி சும்மா எரியாது, அடியிலிருந்து விடாமல் காற்று ஊதவேண்டும். அதற்காக அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மின்சாரப் புளோயரை வைத்து, தகரக் குழாய் வழியாகக் காற்றை உள்ளே விட்டிருந்தோம்.

அந்தப் புளோயர் போட்ட சத்தத்தை இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியும். அடியில் ஒரு கனத்த அதிர்வு, அதன்மேல் தகரம் நடுங்குகிற கிரீச், நடுவில் எப்போதாவது ‘டக் டக்’ என்று ஓர் உலோக இடி. சமையல் முடியும்வரை வீட்டில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ள மாட்டோம், கையைக் காட்டித்தான் எல்லாம். கரண்டியை நிமிர்த்திப் பிடித்தால் உப்பு, கவிழ்த்தால் தண்ணீர். இப்போது என் குடியிருப்பில் சத்தமே இல்லாத மின் அடுப்பு இருக்கிறது. அதன் முன்னால் நின்றுகொண்டு சில நாள் நானாகவே கரண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பதுண்டு.

அப்பா அப்போது மஸ்கட்டில் இருந்தார். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. காலையில் டெலிஃபோன் பூத்தில் வரிசையில் நின்று அவர் எங்களைக் கூப்பிடும் நேரமும், இங்கே உலை கொதித்து அரிசி போடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. புளோயரை நிறுத்தினால் உமி புகைந்து சார்ப்பு முழுதும் கண் எரியும், சோறும் நடுவில் நின்று அரைவேக்காடாகிவிடும். அதனால் ஓடவிட்டபடியேதான் பேச்சு. “ஆங்? நல்லாயிருக்கோம்! நீங்க சாப்பிட்டீங்களா?” என்று அம்மா கத்துவாள். அவர் என்ன கேட்டாலும் அம்மாவின் பதில் இவ்வளவுதான்.

நான் டிப்ளமா முடித்த வருஷம் அப்பாவின் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. மேலும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கம்பெனியில் கேட்டார்கள். போடுவதா, ஊருக்கு வந்துவிடுவதா என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டார். “சாம்பாரும் பொரியலும்” என்றாள் அம்மா. பிறகு ரிசீவர் என் கைக்கு வந்தபோது, வரும் வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும், அம்மாவிடம் விசாரித்து வை என்று எனக்குக் கேட்கும்வரை திரும்பத் திரும்பக் கத்தினார். விசாரித்தேன். அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அம்மா காய் நறுக்கப் போனாள். அது அவளுடைய பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளே அவரிடம் சொல்லவேண்டிய ஒன்று இருந்தது. அதைக் கத்திச் சொல்ல முடியாது.

அந்த வாரத்துக்குள் புளோயரைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

முதலில் சத்தத்தை மூடிவிடலாம் என்று நினைத்தேன். பழைய மரப்பெட்டிக்குள் சாக்கை மடித்து வைத்துப் புளோயரை அதற்குள் இறக்கினேன். சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் கொதித்து, அதன் கம்பிச்சுருளின் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று வரிசையாகத் தேடினேன். அச்சைத் தாங்கித் தேய்ந்த புஷ், தளர்ந்த கால் ஆணிகள், குழாயோடு உரசும் தகரம், எடை ஒருபக்கம் சாய்ந்த உள்விசிறி. கடைசியாகச் சொன்னதை நான் அவ்வளவாகச் சந்தேகிக்கவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, காலை பஸ்ஸில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்து அம்மாவுக்கு அண்டாக்களை இறக்கிக் கொடுப்பார். சுழல்கிற எதுவானாலும் அவருக்கு ஒரே வைத்தியம், விளக்கெண்ணெய். மாட்டுவண்டி அச்சுக்கு ஊற்றிப் பழகிய கை. வாரம் தவறாமல் புளோயருக்கும் ஊற்றிவந்தார். நான் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார்.

“டிப்ளமா படிச்சவங்க கழட்டுவாங்க, மாட்ட நாங்க வரணும்.”

“நீங்க ஊத்துன எண்ணெயைத்தான் மாமா வழிச்சிட்டிருக்கேன்.”

மூடியைத் திறந்தேன். உள்விசிறியைக் கையால் சுற்றிவிட்டேன். சுற்றி நின்றது. மறுபடி சுற்றினேன். எத்தனை முறை சுற்றினாலும் ஒரே இதழ்தான் கீழே வந்து நின்றது. அந்த இதழின் முதுகில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கறுப்பாக ஒரு கட்டி. திருப்புளியால் தட்டினால் கல்லாக இருந்தது. கொஞ்சம் சுரண்டியதும் உள்ளே சிவப்பு தெரிந்தது, அதற்கும் உள்ளே மஞ்சள்.

மாமா என் கையைப் பிடித்தார். “அதை எடுக்காத. சாமிப் பொட்டு.”

ஆயுதபூஜைக்கு அரிவாள்மணையிலிருந்து சைக்கிள்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். புளோயரின் மூடிக்கு வைத்தால் கைபட்டு அழிந்துவிடும் என்று, மாமா வருஷாவருஷம் மூடியைக் கழற்றி, அழியாத இடமாகப் பார்த்து, உள்ளே அந்த ஓர் இதழில் வைத்திருக்கிறார். அதன்மேல் விளக்கெண்ணெய், அதன்மேல் உமிச்சாம்பல், அடுத்த வருஷம் திரும்பச் சந்தனம். புளோயர் உதறியதற்கும், அந்த உதறலில் புஷ் தேய்ந்ததற்கும் காரணம் அதுதான்.

எடை ஒருபக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று மாமாவுக்கு விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, அப்படியென்றால் எல்லா இதழுக்கும் பொட்டு வைத்துவிடலாமே என்றார். கணக்குப்படி அதில் தப்பில்லை. அம்மா அடுப்படியிலிருந்து திரும்பினாள்.

“தம்பி, பொட்டை வெளியில வை. சாமிக்குக் கண்ணு தெரியும்.”

மாமா எழுந்து போனார். சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கட்டியை அவரே ஊறவைத்து எடுத்து, காலில் மிதிபடாமல் முருங்கை மரத்தடியில் போட்டார்.

மற்றதெல்லாம் நேரான வேலை. தஞ்சாவூர் கீழவாசல் கடையில் அளவு பார்த்துப் புது புஷ் வாங்கினேன். இதழ்களை மண்ணெண்ணெயில் துடைத்தேன். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிக் கால்களுக்கு அடியில் கொடுத்தேன். புளோயரும் தகரக் குழாயும் நேராக முட்டாமல், இடையில் கெட்டித் துணியால் ஒரு சின்ன உறை தைத்துக் கட்டினேன். சுவிட்சைப் போட்டதும் மாமா, கரண்ட் இல்லையா என்று கேட்டார். அடுப்பில் உமி செந்தணலாகச் சுழன்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அரிசி போட்டதும் ஃபோன் வந்தது. அம்மா பழக்கத்தில் கத்தி ஆரம்பித்துவிட்டு, தன் குரலைத் தானே கேட்டு நிறுத்தினாள். அப்பா கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. கையெழுத்துப் போடட்டுமா?

அம்மா சார்ப்பின் பக்கம் பார்த்தாள். சோறு கொதிக்கும் சத்தம் மட்டும் வந்தது. மாமா கரண்டியோடு அசையாமல் நின்றார். கேட்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“போடாதீங்க,” என்றாள். “போதுங்க. வந்துடுங்க.”

 பூத்தில் அவருக்குப் பின்னால் யாரோ அவசரப்படுத்தும் குரல் கேட்டது. நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே, அங்கே வந்து நான் என்ன செய்யப்போகிறேன் என்றார் அப்பா. விளையாட்டாகச் சொல்ல முயன்றார், குரல்தான் அதற்கு ஒத்துவரவில்லை.

“கேரியர் கட்ட ஆள் இல்லைங்க.”

அவர் சிரித்தார். வெளிநாட்டு ஃபோனில் அப்பா சிரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. சரி என்றார். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோறு குழைந்துவிடப் போகிறது என்று மாமாவை விரட்டினாள்.

சம்பா அறுப்புச் சமயத்தில் அப்பா வந்து சேர்ந்தார். மறுநாளே கேரியர் கட்ட உட்கார்ந்தார். மஸ்கட்டில் குழாய் இணைப்பு முடுக்கிய கை அது. கொக்கிகளை அவர் இறுக்கிய இறுக்கில், சாப்பாட்டைத் திறக்கவே முடியவில்லை என்று மத்தியானம் கல்லூரியிலிருந்து ஒருவர் கேரியரோடு வந்து நின்றார். அப்பா எழுந்து போய்த் திறந்துகொடுத்தார். பிறகு அந்த மனிதரை உள்ளே கூப்பிட்டு, எங்களோடு உட்கார்ந்தே சாப்பிடச் சொன்னார்.