ஒன்பது இலக்கங்களில் ஒரே ஒரு எண்

கால் எலும்பு முறிந்து வெள்ளவத்தை வீட்டில் ஆறு வாரம் கிடந்தபோது, என் கணவர் அலுவலகத்திலிருந்து ஒரு புதிரைக் கொண்டுவந்தார். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டும் வருகிற எண் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் சேர்ந்த எண் இரண்டால் மீதியின்றிப் பிரிய வேண்டும், முதல் மூன்று மூன்றால், முதல் நான்கு நான்கால். இப்படியே ஒன்பது வரை.

கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் அதை அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எப்போதும் அவள்தான் முதல். ஆனால் இரண்டு பேரையும் உயர்தரம் படிப்பிக்க வீட்டில் வசதியில்லை. அவள் தையல் பழகப் போனாள். நான் கணிதப் பிரிவுக்குப் போனேன்.

ஐந்தாவது இடத்தில் ஐந்துதான், இரட்டை இடங்களில் இரட்டை இலக்கங்கள்தான் என்பது வரை உடனே பிடிபட்டது. பிறகு மூன்று நாள் எழுதுவதும் அழிப்பதும்தான். மூன்றாம் நாள் மத்தியானம் 381654729 என்று எழுதிப் பார்த்தேன். ஆறு வரை சரி. 3816547ஐ ஏழால் பிரித்தேன். 545221, மீதி இல்லை! எட்டும் சரி, ஒன்பதும் சரி. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து மணியடித்தாள்.

உடனே அக்காவுக்கு அழைத்தேன்.

"அக்கா, பிடிச்சிட்டன்!"

எண்ணை வாசித்தேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"சரிதான். வேற ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டு போதாதோ?"

"காணாதடி. இது மட்டும்தான் எண்டு தெரிஞ்சாத்தான் முடிஞ்ச மாதிரி."

எனக்குச் சரியான கோபம்.

இரண்டு நாள் கழித்து, காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினாள். படியேறிய மூச்சு அடங்குமுன்னே அளவுக் கொப்பியை விரித்தாள். சட்டை அளவுகளுக்கு நடுவே பக்கம் பக்கமாகக் கணக்கு.

"மூண்டாவது ஒற்றை இலக்கம் எண்டா நாலாவது ரெண்டோ ஆறோதான். விளங்குதோ? அப்பிடியே கழிச்சுக்கொண்டு வந்தா மிஞ்சிறது பத்தே பத்து எண். பத்திலயும் முதல் ஏழு இலக்கத்தை ஏழால பாப்பம்."

"ஃபோனை எடுக்கட்டோ?"

"வேண்டாம், கையால பிரிப்பம்."

ஆளுக்கு ஐந்தாகப் பங்கிட்டுக்கொண்டோம். 987654321 அவளுக்குப் பிடித்த எண், வடிவாக இருக்கிறதாம். ஏழு இலக்கத்தில் மீதி ஐந்து வந்தது. "சீ!" என்று வெட்டினாள். ஒன்பது எண்கள் விழுந்தன. நான் கண்டுபிடித்தது மட்டும் நின்றது.

"ஒண்டுதான்!" அக்கா என் கையை நசுக்கிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உலகத்திலயே இது ஒண்டுதானடி!"

தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கோப்பையை வைத்தாள்.

"கடைசியில ஒரு பூச்சியத்தைப் போடு."

போட்டேன். 3816547290. பத்து இலக்கமும் வந்துவிட்டன, பத்தாலும் பிரிகிறது. கட்டுப்போட்ட காலையும் மறந்து நான் எழும்பப் பார்க்க, அக்கா சிரித்துக்கொண்டே என்னைப் பிடித்து இருத்தினாள்.